அலமாரிக் கதவில் முட்டை விலை

புண்ணாக்கு, கருப்பட்டி, மண்ணெண்ணெய். இந்த மூன்றும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால் எனக்கு இருபது வயது ஆகிவிடுகிறது. போன வாரம் புதுக்கோட்டையில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேர் எதிரே பழைய பலசரக்குக் கடை ஒன்று. வாசலில் மண்ணெண்ணெய் பீப்பாய், பக்கத்தில் வாய் திறந்த சாக்குகள். வாடை குபுக்கென்று உள்ளே வந்தது. நடத்துநர் சில்லறை கேட்கிறார். நான் கடலை எண்ணெய் கிலோ அஞ்சு ரூபாயா ஒன்பது ரூபாயா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே சரி. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே டின்னிலிருந்து ஊற்றிய எண்ணெய்க்கு இரண்டு விலை இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தை உண்டாக்கியவள் நான்.

வீட்டுக்கு வந்து, "புதுக்கோட்டையில டீ மூணு ரூவா" என்றேன். கணவர் பேப்பரைத் தாழ்த்தினார். "மூணா?" என்றார். கண் தானாக அலமாரிக் கதவுக்குப் போயிற்று. அந்தக் கதவுக்கு நாலு தடவை வர்ணம் அடித்தாயிற்று. நூற்றாண்டே மாறிவிட்டது. அவர் கண் இன்னும் அங்கேதான் போகிறது.

அப்போது அவர் சரக்குக் கப்பலில் பண்டாரி. கப்பல் சமையல்காரருக்கு அதுதான் பெயர். நாற்பது பேருக்குப் பொங்கிப் போடுகிற கை. எங்களுக்குக் கல்யாணமான முப்பத்தெட்டாம் நாள் புறப்பட்டார். புறப்படுவதற்கு முன்னால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதினார். கப்பல் குசினியில் அப்படித்தான் எழுதி வைப்பார்களாம். அரிசி ஒண்ணேகால். கடலை எண்ணெய் அஞ்சு. சீனி ரெண்டு. கருப்பட்டி ஒண்ணரை. சீலா மீன் நாலு. முட்டை இருபது பைசா.

"இதுக்கு மேல எவனாவது கேட்டாம்னா ஏமாத்துதாம்னு அர்த்தம். பாத்துக்கிடு."

மற்றக் கப்பல்காரர்கள் பெண்டாட்டியிடம் போட்டோவை விட்டுவிட்டுப் போவார்கள். இவர் முட்டை விலையை விட்டுவிட்டுப் போனார். சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து என்னைப் பார்த்தது. வேறு எதைத் தொட? அதைத்தான் தொட்டேன். தொட்டுத் தொட்டு முட்டை பாதி அழிந்துபோயிற்று.

அவர் போனார், விலைவாசி வந்தது. கச்சான் காற்று மாதிரி வந்தது. முதலில் மாசத்துக்கு ஒரு தடவை அடித்தது, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு கட்டத்தில் பூசைக்குப் போகும்போது ஒரு விலை, பூசை முடிந்து வரும்போது வேறு விலை. அரிசி ரெண்டரை என்றார்கள். எண்ணெய் ஒன்பதில் போய் உட்கார்ந்தது, சீனி நாலரையில் நின்று மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் ஏறாதது உப்பு ஒன்றுதான். அது காசு கேட்காமல் காற்றிலேயே வீட்டுக்குள் வந்து ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் கடிதத்தில் எழுதவில்லை. எந்தத் துறைமுகத்தில் அவரைப் பிடிக்குமோ தெரியாத கடிதம். போய்ச் சேருவதற்குள் அந்த விலையும் பழசாகிவிடும். தவிரவும், முப்பத்தெட்டு நாள் வாழ்ந்த பெண்டாட்டி எழுதுகிற கடிதத்தில் எண்ணெய் விலையா வரும்?

பதினாலு மாசம் கழித்து வந்து இறங்கினார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கப்பலிலிருந்து வந்த மனுஷன் மறுநாள் காலையில் வெளிநாட்டுச் சட்டையும் செண்டு வாசமுமாகத் தானே கடைக்குப் போகவேண்டும். ஊர் பார்க்க வாங்கி, ஊர் பார்க்கச் சுமந்து வரவேண்டும். பெண்டாட்டி கூடப் போனால் சம்பாத்தியத்தில் ஏதோ ஓட்டை என்று பேசுவார்கள்.

அப்படிப் போனவர் அரை மணியில் வெறும் பையோடு திரும்பினார். சட்டை மட்டும் வெளிநாடு, முகம் உள்ளூர்.

"எண்ணெய் ஒம்பதாம்ளா! 'என்ன அண்ணாச்சி, கப்பல் வாங்கப் போறீயளா'ன்னு கேட்டேன். 'கப்பல் வெலயும் கூடிட்டு தம்பி'ங்காரு."

தெருமுனைக் கடை அண்ணாச்சி சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார், விலையை மட்டும்தான் உயர்த்துவார்.

இவர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அவரு ஒன்னிய ஏமாத்துதாரா, இல்ல நீ என்னிய ஏமாத்துதியா?" என்றார். நான் ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணக் கையெழுத்து முழுவதையும் துடைத்துவிட்டுப் புது விலைகளை எழுதினார். அதற்குக் கீழே ஒரு கணக்கு. கரையில் இருக்கிற நாளுக்குச் சம்பளம் கிடையாது. கொண்டுவந்ததைத் தின்றுதான் இருக்கவேண்டும். மூன்று மாசம் இருப்பேன் என்று வந்தவர் அரிசியால் வகுத்தார், எண்ணெயைக் கழித்தார், சீனியிடம் வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"முப்பத்தெட்டு நாள்" என்றார்.

மறுபடியும் அதே முப்பத்தெட்டு. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எண்ணெய் ஒரு ரூபாய் கூடினால் என் புருஷன் பத்து நாள் குறைவார். நான் மேசையில் உட்கார்ந்து அழவில்லை. மேசையில் அப்போது அவர் வாங்கிவந்த நீல நிற பிஸ்கட் டின் இருந்தது. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே டின்னைப் பார்த்தேன்.

அவர் மறுபடி கப்பலேறின பிறகு பதினைந்து மாசம் நான் மலிவான சாளை மீன் தவிர வேறு மீன் தின்னவில்லை. சாளைக் குழம்பு, சாளைப் பொரியல், சாளை அவியல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரியாதைக்குப் பெரிய சாளை. மீன்கார அக்கா கூடையை இறக்கும்போதே சொல்லுவாள்: "ஒன்னியப் பாத்தா பூனையெல்லாம் பின்னால வரப்போவுது, பாரு." அவர் அனுப்பின பணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் நீல டின்னுக்குள் போயிற்று.

அவர் வருகிற செய்தி வந்ததும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். உச்சிப்பொழுது, ஆள் இல்லை.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. அவுக வந்து வெல கேட்டா பழைய வெலயச் சொல்லணும்."

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "எந்தப் பழசு?"

"எங்க கல்யாணத்துப் பழசு. மிச்சத்த பொறவாசல் வழியா நான் தந்திருதேன்."

"தாயி, கூட்டிச் சொல்லச் சொல்லு, நான் பொறந்ததே அதுக்குத்தான். கொறச்சுச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமே!"

"அவுக மூணு மாசம் இருக்கணும் அண்ணாச்சி."

அண்ணாச்சியின் சம்சாரமும் பிள்ளைகளும் ஊரில். மாசத்துக்கு ஒரு ஞாயிறு போய்விட்டுத் திங்கள் விடியற்காலம் திரும்பி வந்து கடை திறப்பார். சாக்கில் ஒட்டியிருந்த ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டார். "எண்ணெய் எவ்வளவுன்னு சொன்ன?" என்றார்.

சின்ன வயசில் மாதா கோயிலில் ஞானோபதேசம் படித்த முறையிலேயே அவருக்குப் பாடம் வைத்தேன். நான் கேட்கவேண்டும், அவர் தடுமாறாமல் சொல்லவேண்டும்.

"அரிசி என்ன வெல?"

"ரெண்டே..."

"அண்ணாச்சி!"

"ஒண்ணேகால், ஒண்ணேகால். அய்யோ, சொல்லும்போதே நெஞ்சு அடைக்கி."

மீன்கார அக்காவுக்குப் பாடமே தேவைப்படவில்லை. "பொய்தான? அதுக்கென்ன, வெத்தலைக்குக் குடு" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒன் வீட்டுக்காரன மீன் ஏலத்துக்கு மட்டும் விட்டுராத. அங்கன வெலய நாப்பது பேரு கத்துவான். நாப்பது வாயி என்னால அடைக்க ஏலாது. நான் வாசலுக்குக் கொண்டாரேன்."

வந்தார். மறுநாள் காலை சட்டையும் செண்டுமாகக் கடைக்குப் புறப்பட்டார். நான் கடைக்கு எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றேன். அவர் உள்ளே நுழையும்போதே சண்டைக்குத் தோளை ஏற்றியிருந்தார்.

"எண்ணெய் எவ்வளவு அண்ணாச்சி?"

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். "அஞ்சு."

"எவ்வளவு?"

"அஞ்சு தம்பி. எறங்கிட்டு."

அவர் தோளும் இறங்கிற்று. விலைவாசி இறங்குகிறது என்று அந்த நாட்களில் ரேடியோவும் சொல்லிக்கொண்டிருந்தது, எங்கள் பொய்க்குச் சாட்சி சொன்ன மாதிரி. எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு நின்ற மூன்றாம் வீட்டு மதினியை நான் மறந்துவிட்டேன்.

"எது, அஞ்சா? எனக்கு இப்பத்தான ஒம்பதுன்னீரு!"

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "அது... அது வேற எண்ணெய்."

"வேறயா? ஒரே டின்னுலதான கோரினீரு!"

நான் சுவரோரத்திலிருந்து மதினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மதினி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். கெட்டிக்காரி. "ஓ, அந்த எண்ணெயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மதினிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி. மறுநாளே தெருவுக்குள் அவர் வந்தால் பெண்கள் விலைப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடையில் அவர் கிளாசுக்கு மட்டும் பதினைந்து பைசா. மிச்சப் பத்துப் பைசாக்கள் எனக்காகக் காத்திருக்கும். வாசலில் அக்கா கூடையை இறக்கி, "சீலா கிலோ நாலு ரூவா, தம்பிக்கு மூணே முக்கால்" என்று அவளாகவே ஒரு கால் ரூபாய் குறைத்துக் கதை விட்டாள். அந்தக் கால் ரூபாயும் டின்னிலிருந்துதான் போகவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்ல.

அவர் அலமாரிக் கதவைத் துடைத்தார். பழைய விலைகள் பழைய கையெழுத்தில் திரும்ப வந்தன. முட்டை இருபது பைசா. அன்றைக்கு அவர் கணக்குப் போடவே இல்லை. "மூணு மாசம் தாராளமா இருக்கலாம்ளா" என்றார். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரம் எதையோ சத்தமாக உருட்டினேன்.

சந்தோஷம் எட்டு நாள் தாங்கிற்று. ஒன்பதாம் நாள் மதினி வாசலில் நின்று, "தம்பி, கடைக்குத்தான போறீய? வாற வழியில எனக்கும் ரெண்டு கிலோ எண்ணெய். இந்தா பத்து ரூவா" என்றாள். அவர் வாங்கிவந்தார். அதற்கு மறுநாள் நாலு குப்பி. அப்புறம் அரிசிப் பை, சீனிப் பை, ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு இருபது தேங்காய். தெருவே தன் பலசரக்கை என் புருஷன் தோளில் ஏற்றிவிட்டது. அவர்கள் அஞ்சு கொடுத்தார்கள். மிச்சம் நாலு என் சாளைகள் கொடுத்தன.

அவருக்கோ பெருமை. "எனக்குன்னா அண்ணாச்சி வெலய ஏத்த பயப்படுதாரு. பேசுத வெதத்துல பேசணும்ளா."

"ஆமாங்க" என்றேன்.

பொறவாசலில் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தாயி, ஒம் புருசன நிப்பாட்டு. நேத்து கப்பலுக்குச் சாமான் வாங்குத மாதிரி மூடை மூடையா கேக்காரு. எனக்கே எது பழைய வெல எது புது வெலன்னு கொழம்பிட்டு. நேத்து ஒரு போலீசுக்காரருக்கு அரிசிய ஒண்ணேகாலுக்குக் குடுத்துட்டேன். இனி அவரு வேற கடைக்குப் போவாரா?"

போலீஸ்காரரின் மிச்சத்தையும் நான்தான் கொடுத்தேன்.

டின்னின் அடி தெரிய ஆரம்பித்தது. அடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து மாசமாக அவளை நான் பார்த்ததில்லை. எண்பதாம் நாள் வாக்கில் அவள் முழுசாகத் தெரிந்தாள், குடை, தொப்பி, பூச்செண்டு உட்பட.

அன்று மத்தியானம்தான் அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே சொன்னார். "நான் இனி கப்பலுக்குப் போகல."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி, "என்ன?" என்றேன்.

"போகல. இந்த வெலயில ஒரு மெஸ் போட்டா ராசா மாதிரி இருக்கலாம். புதுத் தொறைமுகம் வந்துட்டு, லாரிக்காரம் பூராம் பசியோட வாரான். அரிசி ஒண்ணேகால், எண்ணெய் அஞ்சு. சீலா கொழம்போட முழுச்சாப்பாடு ஒண்ணேகால் ரூவா. எவன் வரமாட்டான்? எடம் பாத்துட்டேன். திங்கக்கெழம முன்பணம் குடுக்கேன்."

எச்சில் கையோடு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. மூன்று வருஷமாக மாதாவிடம் நான் கேட்டது அதுதான். என் புருஷன் கரையில் இருக்கவேண்டும். மாதா கொடுத்துவிட்டாள், என் பொய்யின் விலைக்கே கொடுத்துவிட்டாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் அவர் இருப்பார். ஒரு மாசம் இருப்பார். லாரிக்காரர்கள் ஒண்ணேகால் ரூபாய்க்குச் சீலாவைத் தின்று தீர்ப்பார்கள், அவருடைய பத்து வருஷக் கடல் உழைப்பையும் சேர்த்துத் தின்பார்கள். பிறகு வெறுங்கையோடு ஏறிப்போவார், மெலிந்து, சட்டையில் செண்டு வாசம் இல்லாமல். ஞாயிறு பூசையில் என்ன பிரசங்கம் நடந்தது என்று தெரியாது. நான் அரிசி விலையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திங்கள் காலை அவர் சட்டை மாட்டும்போது நீல டின்னை மேசையில் வைத்துத் திறந்தேன். குடைப்பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன இது? காலி டின்னு."

"இங்கேருங்க. அரிசி ஒண்ணேகால் இல்ல."

அவர் பொத்தான் போடுகிற கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி, அக்கா, மதினி, டீக்கடை, போலீஸ்காரர். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவ்வளவு நேரம் முழங்காலில் நின்றதில்லை. அன்று நின்றுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் முழங்கால் வலித்தது.

மிச்சப் பொத்தானைப் போட்டுவிட்டுக் கேட்டார். "ஊரே என்னியப் பாத்து சிரிச்சிருக்கு, என்ன?"

"இல்லங்க. ஊரே உங்கள வச்சு எண்ணெய் வாங்கிச்சு."

அவர் அலமாரியைத் திறந்தார். ஈரத்துணியை அவரே எடுத்தார். துடைத்தார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே, "சொல்லு" என்றார்.

"அரிசி ரெண்டே முக்கால்." எழுதினார்.

"எண்ணெய் ஒம்பது." எழுதினார்.

"முட்டை முப்பத்தஞ்சு பைசா." சாக்பீஸ் உடைந்தது. பாதியால் எழுதினார்.

"சீலா?"

"ஒம்பதர."

"அப்பம் நான் எம்பது நாளா தின்னது?"

"எஞ் சாளைங்க."

முதுகு குலுங்கிற்று. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரிப்பு. சிரிப்பென்றால் சத்தமில்லாத சிரிப்பு, அலமாரிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு. நெற்றியில் எண்ணெய் விலை வெள்ளையாக ஒட்டியிருந்தது. "போலீசுக்காரனுக்குமாளா?" என்று ஒரு தடவை கேட்டார், மறுபடி முட்டிக்கொண்டார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லப் போனார். போகிற வழியில் அண்ணாச்சி கடையில் ஏறி, "எண்ணெய் எவ்வளவு?" என்றாராம். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் அஞ்சு என்றாராம். "ஒழுங்கா வெலயச் சொல்லும்" என்று அதட்டினாராம். "ஒம்பது" என்று சொன்னபோது அண்ணாச்சி முகம் பாவமன்னிப்பு கிடைத்த மாதிரி இருந்ததாக இவர் வந்து சொன்னார்.

அந்தத் தடவை எண்பத்தெட்டு நாள் இருந்தார். பட்டியலில் இருந்த உண்மை விலைக்கு முப்பத்தெட்டுதான் வந்திருக்கும். ஐம்பது நாளை நான் சாளை கொடுத்து வாங்கியிருந்தேன். அதற்குப் பிறகு தங்கம் வாங்கியிருக்கிறேன், நிலம் வாங்கியிருக்கிறேன். அவ்வளவு மலிவாக எதுவும் அமையவில்லை.

கப்பலேற பம்பாய்க்குப் போகவேண்டும். ரயிலடிக்கு நானும் போனேன். வழியில் அவருக்கு முட்டை வெள்ளையில் செய்கிற மக்ரூன் வாங்கவேண்டும், கப்பல் கூட்டாளிகளுக்கு. விலையைக் கேட்டதும், "கோழி தங்கத்துல முட்ட போட்டுச்சோ?" என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தார். ஆனால் முழு விலையையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், பரீட்சையில் பாஸான மாதிரி.

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பி சூடு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு தடவை குலுங்கியது.

"ஏளா, கடிதத்துல வெலய எழுது" என்றார்.

"உள்ளதையா?"

"உள்ளத. கூடினாலும் எழுது."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். "கொறஞ்சா?" என்று கத்தினேன்.

அவர் தலையை வெளியே நீட்டினார்.

"கொறஞ்சா தந்தி அடி!"